கூழைக்கடாக் குஞ்சு பறக்க எத்தனை நாள்

நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மாரிக்கனிதான் நீர்பாய்ச்சி. கண்மாய் மடையைத் திறப்பது, அடைப்பது, வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் அவள் பொறுப்பு. புருஷன் பக்கவாதத்தில் படுத்தபின் அவன் மண்வெட்டியை இவள் எடுத்துக்கொண்டாள். ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு ஓய்ந்தது.

எழுபத்துமூன்றாம் வருஷம் மாசியில், கோடைப் பருத்திக்கு மடையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தாள். சில நாளில் கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களின் தூர் வெளியே தெரிந்தது. மரமெங்கும் கூழைக்கடாக் கூடுகள். தவறி விழுந்த குஞ்சு முன்னெல்லாம் தண்ணீரில் நீந்திப் பிழைக்கும். இப்போது கீழே நாய்கள் காத்திருந்தன.

தன் கையால் திறந்த மடை. இன்னும் எத்தனை நாள் தண்ணீர் நின்றிருந்தால் இதுகள் பறந்திருக்கும்? மாரிக்கனி கண்டவரையெல்லாம் கேட்டாள். ஒருத்தர் நாற்பது நாள் என்றார், இன்னொருத்தர் இரண்டு மாசம் என்றார். பிறந்ததிலிருந்து பார்க்கிற பறவை, ஒருவருக்கும் தெரியவில்லை.

கார்த்திகையில் பறவைகள் திரும்பி வந்தன. கரைக்கு நேரே ஒரு கூட்டைக் குறித்துக்கொண்டாள். பறவை அடைகாக்க உட்கார்ந்த நாளிலிருந்து தினம் ஒரு புளியங்கொட்டையைக் கலயத்தில் போட்டாள்.

"என்னத்தா, பல்லாங்குழி ஆடப் போறியா?" என்று கேலி செய்தார்கள்.

முப்பத்தோராம் நாள் மொட்டைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்துத்தான் குஞ்சு இரை எடுக்கிறது என்று கண்டுகொண்டாள். சில சமயம் தின்று முடித்ததும் செத்ததுபோல் சாய்ந்துவிடும், பிறகு தானே எழும். அது ஏன் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

தை மாசம் வனத்துறையிலிருந்து சுப்புராஜ் ஜீப்பில் வந்தார். இந்தப் பறவை எல்லா இடத்திலும் குறைந்து வருகிறது, ஊரோடு பேசி ஒரு ஏற்பாடு செய்யவேண்டும் என்றார். கரையிலேயே கூட்டம் கூடியது.

"குருவிக்குத் தண்ணி, எங்களுக்குப் புழுதியா?" என்று எகிறினான் கடைமடை வயல்காரன் நல்லகண்ணு. "எம்புட்டு நாளைக்குத்தான் தேக்கி வைக்கணும்? அதையாவது சொல்லுங்க சார்."

சுப்புராஜ் தயங்கினார். "சரியா எனக்கும் தெரியலையே."

"எழுபத்தி நாலு நாள் ஆச்சு சார். இன்னும் றெக்கை முழுசா மொளைக்கல" என்றாள் மாரிக்கனி.

சுப்புராஜ் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

அவள் தொடர்ந்தாள். "மடைக்கல்லு மூணாம் படிக்கு மேல நிக்கிற தண்ணி வெள்ளாமைக்கு, கீழ உள்ளது குஞ்சுக பறக்குற வரைக்கும் நிக்கட்டும். மேல உள்ள தண்ணி மடைக்குப் பக்கத்துல இருக்குற மேமடை வயலுக்கு மட்டுந்தான் காணும். அதனால இந்தக் கோடைக்கு அங்க எல்லாருமாப் பங்கு பிரிச்சுப் பருத்தி போடுவோம்."

மேமடை வயல் முக்கால்வாசி ஆண்டிச்சாமிக்குச் சொந்தம். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"என் நிலத்துல ஊரே ஏரு பூட்டவா?"

"அதுக எச்சம் கரைஞ்ச தண்ணி மொதல்ல பாயுறது உங்க வயல்லதான மாமா. உரம் போடாமலே வெளையுதுன்னு நீங்கதான சொல்வீக?"

ஆண்டிச்சாமி வெகுநேரம் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரு கோடைக்குத்தான. எழுதிக்கோங்க சார்" என்றார். கூடு இருக்கிற மரத்தில் தழை ஒடிப்பதில்லை என்று ஆட்டுக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

நூற்றுப் பதினெட்டாம் நாள், பங்குனி வெயில் ஏறுமுன், குஞ்சு கிளைக்குத் தாவி நின்றது. இரண்டு தரம் சிறகை அடித்துப் பார்த்தது. அப்புறம் தண்ணீருக்கு மேலே போய்விட்டது. மாரிக்கனி மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கரையோரம் கூடவே ஓடினாள்.

பருத்தி அந்த வருஷம் சுமார்தான். நல்லகண்ணு குறைபட்டுக்கொண்டே இருந்தான். ஆனாலும் மறு தையில் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் அவன்தான்.

பின்னொரு வருஷம் மழை பொய்த்தது. பறவைகள் வரவில்லை. திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாயில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு மாரிக்கனி பஸ் ஏறினாள். அந்த ஊர் நீர்பாய்ச்சி சந்தனத்திடம் நாள் கணக்கையும் பங்கு ஏற்பாட்டையும் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரித்தா, இந்தக் கம்மாயில தண்ணி கெடக்குன்னு இதுகளுக்கு யாரு சொன்னது?" என்றார்.

"அதான எனக்கும் தெரியல" என்று மாரிக்கனி கரையில் உட்கார்ந்தாள். சந்தனமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.