அடிப்பட்டை போன இத்தாலிப் படங்கள்

திருத்தணியில் மலைக்குப் போகிற தெருவில், பூக்கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில் எங்கள் கடை இருந்தது. சாமி படங்களுக்குச் சட்டம் போடுவோம். என் வீட்டுக்காரர் கட்டையை அறுப்பார், தாளை வெட்டுவார், ஆணி அடிப்பார். நான் பசை காய்ச்சுவேன், கண்ணாடி துடைப்பேன், வருகிறவர்களிடம் பேசுவேன். பேசுவது முழுக்க என் இலாகா. அவர் வாய் திறந்தால் அன்றைக்கு மழை வரும் என்று பூக்காரம்மா கேலி செய்வாள்.

அவர் வீட்டார் ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுகிறவர்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்தவருக்குப் பேசிப் பழக்கமில்லை என்று ஆரம்பத்தில் நானே சமாதானம் செய்துகொண்டேன். பேசாவிட்டால் தொலைகிறது, ஏறிட்டாவது பார்க்கலாம் அல்லவா? குனிந்த தலை நிமிராது. புதுப்புடவை கட்டிக்கொண்டு எதிரே போய் நின்றால், "வெளிச்சத்த மறைக்காத" என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முகத்தில் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இவருக்குத் தெரியாது என்று என் அக்காவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறேன்.

அக்காவுக்கு அவள் கஷ்டம். பாவாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, மெட்ராசில் ஓர் ஓவியக் கூடத்தில் வேலை. காவல் பார்ப்பது, படம் மாட்டுவது, வருகிறவர்களைத் தொடாதீர்கள் என்று சொல்வது. தற்காலிக வேலைதான். அறையில் நாலு பேரோடு படுத்துக்கொண்டு, சனிக்கிழமை ரயிலேறி, எங்கள் நைனாவின் (அப்பாவின்) ஊரான மணவூரைத் தாண்டித் திருவாலங்காட்டில் இறங்கி, அங்கே தன் அம்மா வீட்டில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். வேலை நிரந்தரமானால்தான் ஒரு வீடு பிடித்து அவளையும் பிள்ளைகளையும் கூட்டிப்போக முடியும். கல்யாணமானதிலிருந்து அவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் குடித்தனம்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் பாவா ஒரு பெரிய கட்டோடு கடைக்கு வந்தார். முகமெல்லாம் பல். அவர்கள் கூடத்தில் இத்தாலி தேசத்துப் பழைய மாதா கோயில் சாமி படங்களை எக்சிபிஷன் வைக்கப் போகிறார்களாம். அசல் வராது, அசலைப் போலவே அச்சடித்த தாள்கள் கப்பலில் வந்திருக்கின்றன. சட்டம் போட மேடம் ஆள் தேடியபோது பாவா முந்திக்கொண்டு, என் சகலை இருக்கிறார், அவரைப் போல் மூலை சேர்க்க மெட்ராசிலேயே ஆள் கிடையாது என்று சொல்லிவிட்டார். மேடம் அந்தக் கூடத்துக்கே தலைவி. அவர் மேலிடத்துக்கு எழுதினால்தான் பாவாவுக்கு வேலை நிரந்தரம்.

"நம்ம பேச்ச நம்பிக் குடுத்துகிறாங்க சகல. இது நல்லபடியா முடிஞ்சா எனக்கு எழுதறேன்னு சொல்லிகிறாங்க. பாத்து செய்ங்க" என்றார் பாவா.

"ஆங்" என்றார் இவர்.

கட்டோடு மெல்லிய புத்தகம் ஒன்றும் இருந்தது. கேட்லாக் என்றார் பாவா. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நம்பர், என்ன படம், யார் வரைந்தது என்று இங்கிலீஷில் இருந்தது. அதில் படம் ஒன்றுகூட இல்லை. படத்தோடு கூடிய பெரிய கேட்லாக் பின்னால் வருகிறதாம். சட்டம் போட்டு முடித்ததும் ஒவ்வொன்றின் முதுகிலும் இந்தப் புத்தகத்தில் உள்ள நம்பரை எழுதி ஒட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு. அந்தத் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான் என்பதை யாரையும் மறக்க விட்டதில்லை.

கட்டைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு வாயடைத்துப் போனது. எல்லாப் படத்திலும் ஆளுக்குப் பின்னால் பொன்னாகத் தகதகத்தது. தலைக்குப் பின்னால் தட்டு மாதிரி வட்டம். எங்கள் கடைச் சாமிகளுக்கும் அது உண்டு, ஆனால் எங்கள் சாமிகள் கன்னம் உப்பி, சிவந்து, சிரித்துக்கொண்டு இருப்பார்கள். இவர்கள் ஒல்லியாக, நீள மூக்கோடு, எதையோ யோசித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பிடித்துப்போனது. படையல் போட்டும் சாப்பிடாத சாமிகள் என்று பூக்காரம்மா உச்சுக் கொட்டினாள்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வருகிற வேலையில் பாதி காலண்டர் சாமி. வருஷம் முடிந்து தேதியெல்லாம் கிழித்த பிறகு, படத்தை வீசி எறிய மனசு வராமல் சட்டம் போடக் கொண்டுவருவார்கள். சாமி காலடியில் உரக்கடை, ஜவுளிக்கடை, அடகுக்கடை என்று ஏதாவது விலாசம் அச்சடித்திருக்கும். வள்ளி தெய்வானையோடு முருகன் நிற்கிற இடத்தில் அடகுக்கடைக்காரன் பெயர் எதற்கு? அதை வெட்டிவிட்டுத்தான் சட்டம். யாரும் வெட்டு என்று சொல்லக்கூட மாட்டார்கள். அவர் கைக்குத் தாள் வந்தால் கத்தி முதலில் அடிப்பக்கம்தான் போகும்.

போனது.

நான் நம்பர் எழுதப் பேனாவும் கேட்லாகுமாக உட்கார்ந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் சட்டத்துக்குள் அழகாக நின்றன. கீழே இருந்த எழுத்தைக் காணோம். என்ன படம், யார் வரைந்தது, எல்லாம் அந்தப் பட்டையில்தான் அச்சாகியிருந்தது.

"இன்னாங்க, கீழ எழுத்து இருந்துச்சே?"

"வெட்டிட்டேன்."

"வெட்டி இன்னா பண்ணீங்க?"

அவர் பசை அடுப்பைக் கண்ணால் காட்டினார். அன்று காலை நான் அந்தத் தாள்களைத்தான் பற்றவைத்துப் பசை காய்ச்சியிருக்கிறேன். நான் போட்ட சத்தத்தில் பாத்திரக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இவர் கத்தியை எடுத்துத் துணியில் துடைத்துப் பெட்டியில் வைத்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வாய் வரவில்லை.

(அதற்கப்புறம் அவர் யார் படத்திலும் அடியை வெட்ட மறுத்துவிட்டார். எங்கள் தெருவில் பல வீட்டு முருகன் இன்றும் யூரியா விளம்பரத்தின் மேல்தான் நிற்கிறார். கேட்டால் எங்கள் கடையைச் சொல்வார்கள்.)

சனிக்கிழமை பாவா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டா எந்தப் படம் எந்த நம்பர்னு சொல்ல மாட்டாங்களா பாவா?"

"சொல்லுவாங்கமா. ஆனா ஏன் கேக்கறன்னு கேப்பாங்க. வெட்டிட்டாங்கன்னு சொன்னா அவ்ளோதான். உங்க அக்காவ அவ கெழவியானப்புறம்தான் மெட்ராசுக்குக் கூட்டினு போவணும்."

இவர் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

நான் கேட்லாகை எடுத்துவைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து அர்த்தம் பண்ணிச் சொல்ல ஆரம்பித்தேன். தெரியாத வார்த்தைக்கு அகராதி. "கையில சாவி வச்சிகினு தாடிக்காரர்" என்று நான் வாசிக்க, பாவா சுவரோரம் சாய்த்த படங்களைப் பார்த்துக்கொண்டே போய், "இதோ!" என்றார். எனக்குச் சட்டென்று உயிர் வந்தது. இதில் என்ன பிரமாதம்? கையில் வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள், உலக்கை இருந்தால் இன்னார் என்று பிறந்ததிலிருந்து சாமியைக் கையைப் பார்த்துத்தானே அடையாளம் கண்டிருக்கிறோம். அந்த ஊர்ச் சாமிகளும் அப்படித்தான். உடைந்த சக்கரத்தின் பக்கத்தில் ஒரு ராஜகுமாரி. உடம்பெல்லாம் அம்பு தைத்தும் வலிக்காதவர் போல ஒரு வாலிபர். தன் கண்ணையே தட்டில் ஏந்திக்கொண்டு ஒருத்தி. அவளைப் பார்த்து அன்று முழுக்கப் பாவாவுக்குச் சோறு இறங்கவில்லை. கோணித் துணி மாதிரி உடுத்திக்கொண்டு பறவைகளிடம் பேசுகிற சாமியாரை இவர் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டினார். பசை அடுப்புச் சம்பவத்துக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது அப்போதுதான்.

தாயும் குழந்தையும் படங்கள்தான் பாடாய்ப் படுத்தின. எல்லாம் நீலத் துணி, எல்லாம் பொன். குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தோம். ஒன்று கையில் குருவி பிடித்திருந்தது, ஒன்று மாதுளம்பழம், ஒன்று அம்மாவின் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. ஞாயிறு மத்தியானம் இரண்டே இரண்டு மிஞ்சின.

இரண்டிலும் குழந்தை இடது கையில், சும்மா இருந்தது. கேட்லாகில் ஒன்றுக்கு, தாயும் குழந்தையும் என்பதோடு சரி. இன்னொன்றுக்கு, தன் மகனுக்குப் பின்னால் நேரப்போவதை அறிந்த தாய், துக்கத்தில், என்று இருந்தது. ஆக, துக்கப்படுகிறவள் யார் என்று தெரிந்தால் போதும்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருத்தி கண்ணைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து, உதடு தொங்கிப்போய் இருந்தாள். மற்றவள் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு, வாயோரம் லேசாகச் சிரிக்கிறாளோ என்று தோன்றும்படி இருந்தாள். தலை சாய்ந்தவள்தான் துக்கக்காரி என்றேன். பாவாவும் ஆமாம் என்றார்.

இவர் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"அது துக்கம் இல்ல" என்றார். "இவதான் துக்கப்படறா." நேராகப் பார்க்கிறவளைக் காட்டினார்.

"சிரிக்கிறவளா துக்கப்படறா? நல்லா கீதே உங்க ஞாயம்!"

நான் இரண்டு சீட்டிலும் நம்பரை எழுதி, எது எதற்கு என்று சொல்லி அவரிடம் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போனேன். ஒட்டியது அவர். மறுநாள் கூடத்து வேன் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

எக்சிபிஷன் தொடங்கிய அன்று நாங்களும் காலை ரயிலில் மெட்ராசுக்குப் போனோம். நான் பட்டுப்புடவை. அக்காவும் வந்திருந்தாள். உள்ளே போகும்போதே கால் தானாகச் செருப்பை வாசலில் விட்டுவிட்டது. பெரிய வெள்ளைச் சுவர்களில் எங்கள் சட்டங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பரும் பெயரும் அடித்த சின்ன அட்டை. எங்கள் கடைச் சுவரோரம் சாய்ந்து கிடந்தவர்கள்தானா இவர்கள் என்று பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாவிக்காரரைப் பார்த்து, வேண்டியவரைப் பார்த்த மாதிரி தலையாட்டினேன்.

கடைசிச் சுவருக்கு வந்தேன். அந்த இரண்டு தாய்களும் அடுத்தடுத்துத் தொங்கினார்கள். அட்டைகளை இரண்டு தடவை படித்தேன். நான் எழுதிக் கொடுத்ததற்கு நேர்மாறாக இருந்தது. நேராகப் பார்க்கிறவள் பக்கத்தில்தான் துக்கம் என்று இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். இவர் சட்டத்தின் மூலையைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

"மாத்தி ஒட்டிட்டீங்களா?"

"ஆங்."

கத்தியிருப்பேன். அதற்குள் மேடம் நாலைந்து வெள்ளைக்காரர்களோடு அந்தச் சுவருக்கு வந்துவிட்டார். அவர் கையில் தடிமனான புதுப் புத்தகம். முதல் நாள்தான் கப்பலிலிருந்து வந்த பெரிய கேட்லாக் அது. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, பக்கத்தைப் புரட்டி, அச்சடித்த படத்தையும் அட்டையையும் ஒத்துப் பார்த்து அவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னாலேயே வெள்ளைச் சட்டையில் பாவா. அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். திருத்தணி முருகா, எங்க அக்கா குடித்தனத்தைக் காப்பாத்து என்று வேண்டிக்கொண்டேன்.

மேடம் பக்கத்தைப் புரட்டினார். படத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். தலையசைத்துவிட்டு, நேராகப் பார்க்கிற அந்தத் தாயைக் காட்டி அவர்களிடம் தணிந்த குரலில் ஏதோ விளக்கினார். பிறகு பாவா பக்கம் திரும்பி, "சட்டம் ரொம்ப நல்லா வந்திருக்கு. அடியில இருந்த எழுத்தை எடுத்துட்டதும் நல்லதுதான். படம் மட்டும் கண்ணுக்குத் தெரியுது" என்றார். பாவா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அடுத்த தைக்குள் அக்கா பெரம்பூரில் பால் காய்ச்சினாள்.

அவர்கள் நகர்ந்ததும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்படித் தெரியும் உங்களுக்கு? இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது."

அவர் தலை சாய்ந்தவளைக் காட்டினார். "இது அசதி. சாயங்காலம் கண்ணாடியெல்லாம் தொடச்சி முடிச்சிட்டு நீ கடையில உக்காந்துகினு இருப்பல்ல, அந்த மூஞ்சி."

"அப்ப அவ?"

சட்டத்தில் இல்லாத தூசியை விரலால் தட்டினார்.

"உங்க நைனா தவறிட்ட அன்னிக்கு மணவூர்ல, வந்தவங்கள எல்லாம் வாங்க, உக்காருங்கன்னு நேரா பாத்துக் கூப்புட்டுகினு இருந்தியே. ஒரு சொட்டு அழுவல. நான் தூண் பக்கத்துல நின்னுகினு உன்னியேதான் பாத்துகினு இருந்தேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த நடுக்கூடத்தில், இத்தனை வெள்ளைக்காரர்களுக்கு முன்னால், நைனா போன அன்று அழாததையும் சேர்த்து அழுதேன். அவர் எனக்கும் கூட்டத்துக்கும் நடுவில் வந்து, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நின்றார்.