நஜ்லாவின் கரண்ட் கணக்கு

பெய்ரூட்டின் கிழக்குப் பக்கத்தில், சரிவான ஒரு தெருவில், ஏழாவது மாடியில் குடியிருந்தாள் நஜ்லா. அரசாங்க கரண்ட் அங்கே நினைத்தபோது வரும், நினைத்தபோது போகும். எப்போது என்று யாரைக் கேட்டாலும் கையை விரிப்பார்கள். நஜ்லா மட்டும் சொல்லிவிடுவாள்.

வித்தை ஒன்றும் இல்லை. பக்கவாதத்தில் விழுந்த கணவர் வாதீஹோடு வருஷக்கணக்காக ஜன்னலோரம் கிடந்தவளுக்கு வேறு என்ன வேலை? எதிர்மலையில் மருந்துக்கடையின் பச்சை விளக்கு அணையும். அடுத்து ஆற்றோரத்து வீடுகளுக்குக் கரண்ட் வரும், அங்கே போனால் இந்தத் தெருவுக்கு. வெயில் காய்ந்தால் தாமதம், ஞாயிறு என்றால் முந்திக்கொள்ளும். தறிகெட்டுத் திரிவதாக ஊரே திட்டிய கரண்டுக்கும் ஒரு நடை இருந்தது. அதைப் பிடித்துவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை, அதைவிட அதிகமாக அலுப்பு. ஏனென்றால் கட்டிடம் முழுக்க அவள் வாசலில்தான் வந்து நின்றது.

வாதீஹின் தம்பி நசீப் இறந்த மறுநாள் காலையிலும் அப்படித்தான். மாதா கோயில் கூடத்தில் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு எதிரே, குடும்பத்து ஆண்கள் வரிசையாக உட்கார வேண்டும். முதல் நாற்காலி மூத்தவருக்கு. மதியம் பூசை முடிந்ததும் சவப்பெட்டியை அடக்கத்துக்கு மலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் வாதீஹ் கீழே இறங்கியாக வேண்டும். கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டர் வீடுகளுக்கு மட்டும்தான், அதுவும் விளக்குக்கும் விசிறிக்கும். லிஃப்டுக்கும் அதை இணைப்பதற்காகக் கட்டிடத்துக்காரர்கள் கூடிய கூட்டங்களெல்லாம் சண்டையில் முடிந்திருந்தன. சக்கர நாற்காலியோடு படியில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் வாதீஹ் கேட்கவில்லை.

"ஒரு வீட்ல ஒரு பொணம் போதும்" என்றார்.

பச்சை விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு நஜ்லா அவருக்குக் கறுப்புக் கோட்டை மாட்டினாள். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. ஆறாவது மாடி சமீஹா.

"நஜ்லா, நசீபுக்கு ஆண்டவன் இளைப்பாறல் தரட்டும். ஆமா, இன்னிக்கு எப்ப வரும்? துணி மலையாக் கெடக்கு."

"பத்து மணிக்கு வரும். பன்னெண்டுக்குப் போயிரும்."

அவள் போனதும் பல் டாக்டர் சலீபா வந்தார். பிறகு, மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் காவலாளி ஹம்தான். துக்க வீட்டில் கேட்கிறோமே என்ற கூச்சம் எல்லாருக்கும் இருந்தது, இருந்தும் கேட்டார்கள். அவளும் சொல்லித் தொலைத்தாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

பத்துக்குச் சொல்லிவைத்தாற்போல் கரண்ட் வந்தது. அந்தக் குறுகலான லிஃப்டில் சக்கர நாற்காலி ஒன்றுதான் நுழையும். வாதீஹை உள்ளே தள்ளி, அடிமாடிப் பொத்தானை அழுத்திவிட்டு, நஜ்லா படிகளில் இறங்கி ஓடினாள். போகிற வழியெல்லாம் கதவுகளுக்குப் பின்னால் சலவை எந்திரங்கள் உறுமின. கீழே தண்ணீர் மோட்டார் முனகியது. தயாராகக் காத்திருந்த அத்தனை வீடுகளிலும் ஒரே நேரத்தில் எல்லாம் ஓடின. படபடவென்று ஏதோ வெடித்த சத்தம். படிக்கட்டு இருண்டது.

லிஃப்ட் நாலாவது மாடிக்குச் சற்று மேலே நின்றிருந்தது. கதவின் சின்னக் கண்ணாடியில் வாதீஹின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"கரண்ட் போயி ஜெனரேட்டருக்கு மாறுதா?" உள்ளிருந்து கேட்டார்.

"இல்ல. மெயின் ஃபியூஸ் போயிருச்சு."

முன்பெல்லாம் ஆளுக்கொரு நேரத்தில் எந்திரங்களைப் போடுவார்கள், பழைய ஒயரும் தாக்குப்பிடிக்கும். நேரத்தைச் சொல்லிச் சொல்லி எல்லாரையும் ஒரே நிமிஷத்தில் கொண்டுவந்து நிறுத்தியவள் அவள்தான். நஜ்லாவுக்கு அது அப்போதுதான் புரிந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹம்தான் ஃபியூஸ் தேடிப் போனான். லிஃப்டைக் கையால் இறக்கலாம்தான், ஆனால் மேலே இருக்கும் லிஃப்ட் அறையின் சாவி மெக்கானிக்கிடம். அவன் போனில், "வந்துட்டே இருக்கேன் அக்கா, பாலத்து மேல வண்டி நகரவே மாட்டேங்குது" என்றான். புது ஃபியூஸ் வந்தது. அதை மாட்டி முடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கரண்ட் அவள் சொன்னபடியே போய்விட்டிருந்தது.

நசீபின் பூசைக்குக் கோயில் மணி ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கியது.

சமீஹா ஈரக் கையோடு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "நஜ்லா, கோவிச்சுக்காத. இனி எப்ப வரும்?"

"தெரியாது."

சமீஹா உள்ளே போனாள். லிஃப்டுக்குள்ளிருந்து வாதீஹ் கேட்டார்: "உனக்குத் தெரியுமே. எனக்காவது சொல்லு."

நஜ்லா எழுந்து கதவு இடுக்கில் வாயை வைத்தாள். "சாயங்காலம் ஏழு மணிக்கு. அதுக்கு முன்னாடியே மெக்கானிக் வந்துருவான், பயப்படாத."

"முதல் நாற்காலியில எனக்குப் பதிலா யாரு உக்காந்திருப்பாங்க?"

"நசீபோட மகன்."

"சின்னப் பையன். அவனுக்கு யார்யார் உறவுன்னே தெரியாது" என்றார் வாதீஹ். பிறகு, "மணி நின்னுருச்சா?" என்றார்.

"நின்னுருச்சு" என்றாள் நஜ்லா.