எதிர் ரீமின்ர கோலுக்கு எழும்பி நிண்டவன்

டென்மார்க்கில சில்க்போர்க் எண்ட ஊரில ஒரு கதிரை பக்டரியில எனக்கு வேலை. கதிரைக்குக் கால் பூட்டுறது. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு நாலு மட்டும் எண்ணத் தெரிஞ்சாக் காணும், வேலை ஓடும். எண்பதுகளின்ர நடுப்பகுதி அது. பக்டரியில எங்கட ஆக்களெண்டு நான் மட்டும்தான்.

முதல் கொஞ்சக் காலம் மெசினுக்குப் பக்கத்தில தனியத்தான் சாப்பிட்டனான். மீன்குழம்பு மணத்துக்கு அவங்கள் என்ன சொல்லுவாங்களோ எண்டு பயம். ஒரு நாள் எங்களை வேலை வாங்கிற போர்மன் வந்தார். என்ர சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கட மேசையில வச்சார். நான் பெட்டிக்குப் பின்னால போனன். அண்டையிலயிருந்து அந்த மேசையில எனக்கும் ஒரு இடம். அந்த இடம் போனா இந்த நாட்டில எனக்குக் கதைக்க மிஞ்சிறது என்னோட ஒரே அறையில இருந்த தமிழ் அண்ணை மட்டும்தான். அவர் பெந்தகொஸ்தே. அவர் கதைக்கிறது முழுக்கப் பரலோகம்.

மேசையில கதைக்கிறது ஊர் புட்போல் ரீமைப் பற்றி. வெண்டா போர்மன் விசிலடிச்சுக்கொண்டு வருவார், தோத்தா கதவை அடிச்சுச் சாத்துவார். என்ர பிரச்சினை என்னெண்டா, நான் பக்கத்து ஊர் ரீமின்ர ஆள். எங்கட போர்மனுக்கு உலகத்திலேயே பிடிக்காத ரீம் அது. அந்த ஊரின்ர பேரை நான் இண்டைக்கும் சொல்லமாட்டன்.

டென்மார்க்குக்கு வந்த உடன என்னை வச்சிருந்த அகதி காம்ப் அந்த ஊரில. யன்னலுக்கு நேர கீழ அந்த ரீமின்ர மைதானம். அகதிக் கேஸ் முடியுமட்டும் வேற என்ன சோலி, யன்னலில நாடியை வச்சுக்கொண்டு மச் பாப்பன். அவையின்ர கோல்கீப்பர் ஒரு மொட்டையர். கோல் விட்டா வலையைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே குந்தியிருப்பார், ஆராவது வந்து எழுப்புமட்டும். எனக்கு அவரைப் பாத்தா என்னைப் பாத்த மாதிரி. அங்க பிடிச்ச விசர், சில்க்போர்க்குக்கு வந்த பிறகும் விடேல்லை. கிழமைக்கிழமை ரேடியோவில காதை ஒட்டிக்கொண்டு கிடப்பன். அவங்கள் ஓடி ஓடிச் சொல்லுற டேனிஷ் விளங்காது, அந்த ஊர்ப் பேரும் கோல் கணக்கும் விளங்கும்.

"தம்பி, சோறு போடுறது இந்த ஊர். நீ கைதட்டுறது மற்ற ஊருக்கு" எண்டுவார் அண்ணை.

"கை என்ரதானே, அண்ணை."

"உனக்காக நான் செபிக்கிறனான்."

"ரீமையும் சேத்துக்கொள்ளுங்கோவன்."

பிறகு அந்த ரெண்டு ரீமுக்கும் எங்கட ஊரில மச் வந்தது. போர்மனின்ர மனுசிக்குத் தடிமன் காய்ச்சல். அவவின்ர ரிக்கற்றை எனக்குத் தந்தார். தன்ர ரீமின்ர சிவப்புச் சால்வையைக் கழட்டி என்ர கழுத்தில தானே சுத்தியும் விட்டார். அதில சுருட்டு மணம். நானும் நல்ல பிள்ளை மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிண்டன்.

மேசைக்காரர் எல்லாரும் ஒரே வரிசை. எங்கட ஊர் ஒரு கோல் அடிச்சது. போர்மன் என்னைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கினார், நான் பல்லைக் காட்டினன். அங்கால மொட்டையர் வலையைப் பிடிச்சுக்கொண்டு குந்தியிருக்கிறார்.

முடியிறதுக்குக் கொஞ்சம் முன்னம் அவங்கள் திருப்பி ஒரு கோல் அடிச்சாங்கள்.

நான் எழும்பிட்டன். நினைச்சு எழும்பேல்லை, கால் எழும்பினது. ரெண்டு கையும் ஆகாயத்தில. சுத்திவரச் சனம் செத்தவீடு மாதிரி இருக்குது, நடுவில நான் ஒருத்தன் கொடிக்கம்பம் மாதிரி நிக்கிறன். தூக்கின கையை இனி எங்க கொண்டுபோய் வைக்கிறது? தலையில வச்சன். "ஐயோ" எண்டு தமிழில ஒரு சத்தமும் போட்டன். போட்ட பிறகு நிப்பாட்ட வழியில்லை. அழுகிற மாதிரியே இருந்தன்.

போர்மன் என்ர தோளில கையைப் போட்டார். மற்றவங்களைப் பாத்து, "பாருங்கடா, எங்களைவிட இவனுக்குத்தான் நோகுது" எண்டார். அவற்ற கண்ணும் கலங்கியிருந்தது. நான் சால்வைக்குள்ள மூஞ்சையைப் புதைச்சன். அந்த நேரம் அந்த மனுசன் எனக்கு ஒரு அறை விட்டிருந்தா, கன்னம் மட்டும்தான் நொந்திருக்கும்.

திங்கக்கிழமை மேசையில என்ர அழுகைதான் கதை. போர்மன் என்னை மாதிரித் தலையில கை வச்சு நடிச்சுக் காட்டுறார், எல்லாரும் சிரிக்கிறாங்கள். லொறியில சாமான் ஏத்திறவன் ஒருத்தன் மட்டும் சிரிக்கேல்லை. அவன் அண்டைக்கு எனக்குப் பக்கத்தில இருந்தவன். என்ர கை தலைக்கு வாறதுக்கு முதல் எங்க நிண்டதெண்டு கண்டிருக்கிறான். பாண் துண்டைக் கடிச்சுக்கொண்டு கேட்டான்:

"நீ அவங்கட பக்கம் இல்லைத்தானே?"

எனக்குக் குண்டி வேர்த்துப்போச்சு. பொய்தான் சொல்லுறதெண்டு முடிவெடுத்தன். முடிவெடுத்து, வடிவாச் சொன்னன்: "யா."

எங்கட ஆக்களிட்டை "நீ சாப்பிடேல்லைத்தானே" எண்டு கேட்டா, சாப்பிடாதவன் "ஓம்" எண்டுவான். ஓம், சாப்பிடேல்லை. நான் சொன்னதும் அந்த ஓம்தான். டேனிஷ்காரனுக்கு அது அப்பிடிப் போகாது. அவனுக்கு "யா" எண்டா, ஓம், நான் அவங்கட பக்கம்தான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்கள். ஒருத்தன் கோப்பையைக் கீழ வச்சான். என்ன பிழை விட்டனெண்டு அந்த நேரம் எனக்கு விளங்கேல்லை. பொய்யைச் சரியாச் சொல்லிப்போட்டன் எண்ட நினைப்பில சிரிச்சுக்கொண்டு இருக்கிறன்.

போர்மன்தான் கையைத் தூக்கினார். "பொறு, பொறு. இவன்ர ஆக்கள் அதை மாறிச் சொல்லுறவங்கள்." என்ர பக்கம் திரும்பி, சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரி ஆறுதலா, "அப்பிடிக் கேட்டா யா எண்டு சொல்லக்கூடாது. நை எண்டு சொல்லு" எண்டார். நை எண்டா இல்லை.

அப்பத்தான் எனக்கு விளங்கினது. வாழ்க்கையில ஒருக்கா உண்மை தவறி வாயால வந்திருக்கு, அதை இந்த மனுசன் பிழையெண்டு திருத்துது.

பின்னேரம் அறைக்கு வந்து அண்ணைக்குச் சொன்னன். அவர் கட்டிலில உருண்டு சிரிச்சார். பிறகு எழும்பியிருந்து கேட்டார்:

"நீ என்ன சொன்னனி?"

"நை எண்டனான்."

"போர்மன் நம்பினவரோ?"

"நம்பி, தன்ர பாணில பாதியைப் பிச்சு எனக்குத் தந்தவர்."

"நீ?"

"திண்டனான், அண்ணை."

அண்ணை அதுக்குப் பிறகு சிரிக்கேல்லை.