மார்செலின் விருந்தாளியாக இருந்த மாதம்

மார்செலின் அல்சிந்தோர் செயிண்ட் லூசியாவின் தென்மேற்குக் கரையில், ஷுவாசல் ஊரின் மீனவக் குடும்பமொன்றில் பிறந்தவள். மணமாகி சூஃப்ரியேருக்கு வந்தாள். கணவனைக் கடல் கொண்டுபோன பின், குன்றின் மேலிருந்த தனி மாளிகையில் அறைகளைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தாள். அதன் உரிமையாளரான லோரிமர் அம்மையார் கனடாவில் வசித்தார். வாடகைக்கு வந்து தங்கும் செல்வந்தர்களுக்காகக் கடலைப் பார்த்த பெரிய படுக்கையறையை எத்தனையோ முறை ஒழுங்குசெய்த மார்செலின், அந்த மெத்தையில் ஒருமுறையும் உட்கார்ந்ததில்லை.

அந்த ஆண்டுப் புயல் அவள் வீட்டுக் கூரையைப் பெயர்த்தெடுத்துப் போயிற்று. அடுத்த வீட்டுக்காரியும் மாளிகையின் சமையற்காரியுமான ஜோசெட், அன்றே தன் வீட்டில் வந்து படுக்கச் சொன்னாள். "உனக்கு எதுக்குடி சிரமம்?" என்று சொல்லிவிட்டு மார்செலின் தேவாலயக் கூடத்துக்குப் போய்விட்டாள். செய்தி அறிந்த லோரிமர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார்.

"மார்செலின், இந்த மாசம் யாரும் வரலை. கூரை போட்டு முடியறவரைக்கும் மாளிகையில தங்குங்க. பின்கட்டு அறையில இல்ல, பெரிய அறையில. விருந்தாளியா இருக்கணும், வேலை செய்யக் கூடாது."

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்..."

"ஜோசெட்கிட்ட சொல்லிட்டேன். அவங்க பாத்துப்பாங்க."

நன்றியில் நெஞ்சு விம்ம மார்செலின் அந்த அறைக்குள் போனாள். ஆனால் கைகளுக்கு யாரும் விடுப்பு கொடுக்கவில்லை. விடியுமுன் எழுந்து விரிப்பைச் சுருக்கமின்றி இழுத்துச் செருகினாள், குளியலறையைத் துடைத்தாள். ஜோசெட் தந்த கோக்கோவைக் குடித்ததும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் காலை ஜோசெட் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "போன்ஜூ" சொல்லாமல் திரும்பிப் போனாள். வழிப்போக்கனுக்குக்கூட மறுக்காத வணக்கம் அது. கன்னத்தில் அறை வாங்கியவள்போல் மார்செலின் உட்கார்ந்துவிட்டாள். நேற்றுவரை தோளோடு தோள் நின்று உழைத்தவளுக்குத் தட்டேந்தி வருவது யாருக்குத்தான் கசக்காது? இந்தச் சொகுசுக்காக ஜோசெட்டை இழந்துவிட்டால், கூரை வந்தாலும் பக்கத்து வீட்டில் யார் இருப்பார்கள்? துணிப்பையைக் கட்டிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள்.

"நான் கூடத்துக்கே போயிடறேன்டி. எனக்கு நீ தட்டு தூக்கறது நல்லா இல்ல. உன் கோவம் நியாயந்தான்."

"தட்டு தூக்கறதுக்கா கோவம்?" ஜோசெட் கரண்டியை ஓங்கி வைத்தாள். "காலையில அறைக்குப் போனா விரிப்பு போட்டிருக்கு, தரை துடைச்சிருக்கு, கோப்பை கழுவியிருக்கு. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"பழக்கம்டி. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"என் புருஷன் ரூபெர்ட் செத்தப்போ, துக்கத்துக்கு ராத்திரி ராத்திரி வந்த ஊருக்கே நீதானே அக்கா பொங்கிப் போட்டே? ஒரு கோப்பை கழுவ எழுந்தேன். 'உக்காருடி'ன்னு தோளைப் பிடிச்சு அமுக்கினே. உக்காந்தேனா இல்லியா?"

"உக்காந்தே."

"இப்போ உன் கூரை போயிருக்கு. வீட்டுக்குக் கூப்பிட்டேன், வரலை. இங்க செய்யறேன், அதையும் நீயே செஞ்சுக்கறே. காலம் பூரா குடுக்கறவ நீ, வாங்கறவ நானா? நல்லா இருக்கே நியாயம்!"

பிறருக்குச் சிரமம் தராமல் வாழ்வதாக மார்செலின் பெருமைப்பட்டிருந்தது, ஜோசெட்டின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதாக இருந்திருக்கிறது. பையின் கைப்பிடியை நெரித்துக்கொண்டு நின்றாள்.

"பையை ஏன் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கறே? கொண்டுபோய் உள்ள வை. வாழைக்காயும் கருவாடும் ஆறிடும்."

மறுநாள் விழித்தபோது விரிப்பின் ஒரு மூலை தரையைத் தொட்டுக் கிடந்தது. கை தானாக நீண்டது. கையை மடக்கிக்கொண்டு மாடத்துக்குப் போய், கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் உள்ளே தலையணை தட்டும் சத்தம் கேட்டது.

"ஐயோ அக்கா, தூங்கினியா, இல்ல மெத்தையோட மல்லுக்கட்டினியா?"

"தூங்கினேன்டி. புயலுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் தூங்கினேன்."

கோக்கோ ஆவி பறக்க வந்தது. மார்செலின் ஒரு வாய் குடித்தாள், தயங்கினாள்.

"ஜோசெட், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடறியா?"

அந்த வீட்டில் தனக்கென்று அவள் வாய்விட்டுக் கேட்டது அதுவே முதல்முறை.

"வந்த நாலு நாள்ல மகாராணிக்குக் குறை சொல்லத் தெரிஞ்சுபோச்சு," என்ற ஜோசெட், முகமெல்லாம் சிரிப்பாகக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.