அவர் பெயரில் ஒரு வரி

திரையில் ஆறு என்றிருந்த எண் இரண்டாக மாறியதை என் இடத்திலிருந்தே பார்த்தேன். ஆடி மாதத்தின் கடைசி வெள்ளி, காலை பத்து மணி தாண்டியிருந்தது. எதிர் மேசையிலிருந்த சர்வர் அண்ணன் அதை மறுபடி ஆறாக்கினார். மூன்று நிமிடத்தில் அது மறுபடி இரண்டானது. ஏன் அப்படி ஆகிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். பட்டுக் கடைகளின் இணையதளங்களை நடத்திக் கொடுக்கும் சின்ன கம்பெனி. சர்வர்கள் எல்லாம் ஒன்பது வருடமாக ஒரே ஆளின் கையில் இருந்ததால் முதலாளி உட்பட எல்லோரும் அவரைச் சர்வர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. எந்தக் கடைக்கு எவ்வளவு இடம், எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தன. நான் பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். சேர்ந்த அன்று எந்தத் தெரு என்று கேட்டார். காலனி என்று சொன்னேன். அதன்பிறகு என் விசைப்பலகைச் சத்தம்கூட அவருக்குச் சிரிப்பாகிவிட்டது. “உங்க வீட்ல மொதமொதல்ல கம்ப்யூட்டரைத் தொட்டது நீதானேம்மா, அதான் கடப்பாரை போடற மாதிரி தட்டிக்கினு இருக்கிற” என்றார் ஒருநாள். எல்லோரும் சிரித்தார்கள். வேலைக்காகப் பாஸ்வேர்ட் கேட்டபோது, உனக்குக் கொடுத்தால் உங்கள் ஊரே படியேறி வந்துவிடும் என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து, பாஸ்வேர்டே தேவைப்படாத ஒரு முறையை நான் கொண்டுவந்தேன். ஒவ்வொரு சர்வரும் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சாதாரண எழுத்தில் ஃபைல்களாக எழுதி, ‘கிட்’ என்ற மாற்றப் பதிவேட்டில் வைத்துவிடுவது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் ஃபைலில் மாற்றி, காரணம் எழுதி அனுப்ப வேண்டும். இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் ஒரு நிரல் அதைச் சர்வரில் செய்துவிடும். யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்பது அழியாமல் நிற்கும். அதே நிரல் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரையும் ஃபைலையும் ஒப்பிடும். யாராவது நேரடியாகச் சர்வரில் கைவைத்திருந்தால், ஃபைலில் உள்ளபடி திருப்பிவிடும். முதலாளிக்கு இது மிகவும் பிடித்துப்போனது. அந்த ஃபைல்களை எழுத முதலாளி சொல்லித்தான் அண்ணன் தன் சர்வர்களை எனக்குத் திறந்துவிட்டார். அவர் ஒன்பது வருடமாகச் செய்துவைத்திருந்ததை ஒரு மாதம் உட்கார்ந்து பிரதி எடுத்தேன். பதிவில் ஒவ்வொரு வரியும் என் பெயரில் ஏறியது. பயிற்சிக்கு அவர் வரவில்லை. ஆனால் கூட்டத்தில், சீசன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் சரி என்று தலையாட்டினேன்.

அந்த வெள்ளி, எங்களுடைய பெரிய கடை ஆவணி முகூர்த்தப் புடவைகளை இணையத்தில் திறந்தது. எப்போதும்போல அண்ணன் அன்று காலை கூட்டத்தைத் தாங்கக் கையால் சர்வர்களை இரண்டிலிருந்து ஆறாக்கினார். ஃபைலில் இரண்டு என்று இருந்தது. அவர் ஏற்ற, நிரல் இறக்க, தளம் விழுந்து எழுந்து மறுபடி விழுந்தது. சர்வரை வாடகைக்குக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்து, உங்கள் ஆட்கள்தான் குறைக்கிறார்கள் என்று கத்தினார். பின்னாலிருந்து ஒருவன், “இன்னாண்ணே, சர்வர் உங்களை மதிக்கவே மாட்டேங்குது” என்றான். இந்தமுறை நானும் சிரித்தேன். பத்தே முக்காலுக்கு அவர் என் மேசைக்கு வந்தார்.

“ஏம்மா, இது உன் வேலையா?”

“ஃபைல்ல ரெண்டுன்னு இருக்குதுண்ணா. அதை மாத்தினாத்தான் நிக்கும். டிரெயினிங்ல சொன்னேனே, நீங்கதான் வரல.”

அவர் போய் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மாற்றத்தை எழுதி எனக்கு அனுப்பினார். இரண்டை அழித்து ஆறு. காரணம் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. காரணம் எழுதவும் என்று திருப்பி அனுப்பினேன். கடை படுத்துவிட்டது என்று எழுதினார். எந்தக் கடை, எத்தனை நாளுக்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். அந்த விதிகளை எழுதியவள் நான்தான். அவசரமென்றால் கேட்காமலே ஒப்புதல் கொடுக்கலாம் என்ற விதியையும் நான்தான் எழுதியிருந்தேன். மூன்றாவது முறை அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. “தாயே, அமுக்கிடும்மா” என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். மேசையில் பாதி டீ இருந்தது. அதைக் குடித்து முடித்தேன். பிறகு ஒப்புதலை அமுக்கினேன். எண் ஆறாகி, அப்படியே நின்றது. அதற்குள் வாங்க வந்தவர்கள் வேறு கடைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

அந்தக் கடை எங்களை விட்டுப் போனது. திங்கட்கிழமை கூட்டத்தில் பதிவைத் திரையில் காட்டச் சொன்னார் முதலாளி. சர்வரில் நேரடியாகக் கைவைத்ததெல்லாம் பெயர் இல்லாமல் சிவப்பில் வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே, நான் இரண்டு முறை திருப்பி அனுப்பியதும் நேரத்தோடு இருந்தது. முதலாளி திரையில் அவ்வளவு கீழே இறங்கிப் படிக்கவில்லை. அண்ணன் இறங்கிப் படித்திருந்தார் என்பது அவர் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. ஆனாலும் அவர் அதைச் சொல்லவில்லை. முதலாளி தேடும் இடத்தில் அவர் பெயரைப் போட்டார். ஒரே ஒரு வரி வந்தது, இரண்டை ஆறாக்கிய வரி.

“ஒன்பது வருஷத்துல ஒண்ணா?” என்றார் முதலாளி.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். அந்த ஃபைல்களில் இருப்பதெல்லாம் அவர் செய்தது என்று நான் சொன்னால் போதும், அவர் வேலை தப்பித்திருக்கலாம். அவர் அப்பா படுத்த படுக்கை, ஊரை விட்டு வேறு வேலைக்குப் போக முடியாதவர் என்பதும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. மதியத்துக்குள் அவர் படியிறங்கிப் போனார்.

இப்போது அந்த வேலையில் நான் இருக்கிறேன். நன்றாகவே செய்கிறேன். கூரத்தில் என்னைக் காட்டித்தான் பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறார்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு. போன மாதம் ஃபைல்களைச் சுத்தம் செய்தபோது, ஒரு கடையின் சர்வர் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அணைந்து எழவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. எதற்கென்று பதிவில் தேடினேன். என் பெயரும் ‘ஏற்கெனவே உள்ளபடி’ என்ற என் சொற்களும்தான் இருந்தன. தேவையற்றது என்று நினைத்து எடுத்துவிட்டேன். அந்த வாரமே ஒரு கைத்தறிப் புடவை இரண்டு மணப்பெண்களுக்கு விற்றுப்போனது. அதுபோல் இன்னொன்று உலகத்தில் கிடையாது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அண்ணன் இருக்கிறார் என்று தெரிந்து போனேன். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. அந்த நாலு மணி வரி எதற்கென்று கேட்டேன். கையிலிருந்த தாளை இயந்திரத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“அந்தக் கடையில மத்தியானம் சாப்பாட்டுக்குப் போறப்ப பில் போடற கம்ப்யூட்டரை மெயினோட அணைச்சுட்டுப் போவாங்கமா. திரும்பப் போட்டா பழைய லைன் விடாம தொங்கிக்கினு இருக்கும், வித்த புடவையை இருக்குதுன்னு காட்டும். நாலு மணிக்கு ஒருவாட்டி அறுத்துவிடணும். எழுதி வெச்சுக்கோ.”

அலுவலகம் திரும்பி அந்த வரியை மறுபடி சேர்த்தேன். காரணத்தை அவர் சொன்னபடியே முழுதாக எழுதினேன். மாற்றத்தில் இன்னொருவருக்கும் பங்கிருந்தால், கீழே அவர் பெயரைச் சேர்க்க ஓர் இடம் உண்டு. அங்கே அண்ணன் பெயரைத் தட்டச்சு செய்தேன். பெயர் இருந்தால் புதிதாக வருகிறவர்கள் யார் இவர் என்று தேடுவார்கள். தேடினால் அந்த வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும், அதற்குக் கீழே நான் திருப்பி அனுப்பியவையும். பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, என் பெயரில் அனுப்பினேன்.