தேன்மொழியின் அக்கா

எங்கள் பள்ளிப் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. கணக்கு டீச்சர் செல்வராணி மாரடைப்பால் காலமானார். கூப்பிய கைகளுக்கு நடுவே ஒருவர், ‘யாரு, அந்தப் பேய்ப்படத்துப் பொண்ணோட அக்காவா?’ என்று கேட்டிருந்தார். சிலர் கட்டைவிரல் உயர்த்தி உறுதிப்படுத்தினார்கள். கறம்பக்குடிப் பக்கம் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இப்படி ஓர் அடையாளம்.

அவருடைய தங்கை தேன்மொழி ஒரு பங்குனி மதியத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த முந்திரித்தோப்பில் கொல்லப்பட்டாள். கணவன் மீது வழக்கு. விசாரணை முடிவதற்குள் ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்ற அறிவிப்போடு படம் வந்துவிட்டது. நீதிமன்றத்தைவிடச் சினிமாவுக்கு வேகம் அதிகம். முந்திரித்தோப்பு மலையுச்சி பங்களாவாகியிருந்தது. கறம்பக்குடி இதுவரை கண்டிராத மூடுபனி, இடி, அடைமழை. செத்தவள் வெள்ளைச் சேலையில் மிதந்துவந்து கணவனின் கழுத்தைத் திருகுகிறாள்.

டீச்சர் என்னையும் என் மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய் அதை முழுக்கப் பார்த்தார். வெளியே வந்ததும், “பல்லியக் கண்டா கட்டில் மேல ஏறி நிப்பா சார் அவ. அவளப் போயி ஊர மெரட்ட விட்டுருக்காங்க” என்றார்.

படம் ஓடியபின் ஊர் நிம்மதியடைந்தது. வழக்கு என்னவாயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. சந்தையில் காய்க்காரம்மா, “விடுங்க டீச்சர். அதான் அந்தப் புள்ளையே வந்து அவன முடிச்சுப்புடுச்சே” என்று ஆறுதல் சொன்னார். டீச்சர் தக்காளியைப் பொறுக்கியபடியே, “முடிஞ்சவன் அந்தா அங்கிட்டு டீ குடிக்கிறான் பாருங்க” என்றார். அவன் ஜாமீனில் இருந்தான்.

கணவன் தோப்பிலிருந்து ஓடியதைக் கண்ட ஒரே சாட்சி பக்கத்துத் தோட்டத்து மாரிமுத்து. நல்ல மனிதர். கூண்டில் ஏறி, “மழை கொட்டுச்சுங்கய்யா. மின்னல் வெளிச்சத்துலதான் அவன் மொகத்தப் பாத்தேன்” என்றார். போலீசில் முதலில் சொன்னது பட்டப்பகல், சுள்ளென்ற வெயில். எதிர்த்தரப்பு வக்கீல், “பங்குனியிலயா மழை?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். கணவன் விடுதலையானான்.

வாசலில் மாரிமுத்து அழுதார். “சத்தியமா நான் வெலை போகல டீச்சர். டிவியில அந்தப் படத்தப் போட்டுக்கிட்டே இருக்கான். நெனச்சாலே மழைதான் வருது.”

“ஒங்களுக்கு மட்டுமாண்ணே?” என்றார் டீச்சர். “எனக்கே சில நாள் அவ வெள்ளச் சேலையிலதான் கனவுல வாரா. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யாரைச் சந்தித்தாலும், நலம் விசாரித்த கையோடு, “அன்னைக்கு மழை இல்லைங்க” என்பார். கல்யாண வீடுகளில் ஆட்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் அவர் போட்ட மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. அதற்காக மாதந்தோறும் பஸ் ஏறியவர் அவர் ஒருவர்தான். இனி யார் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. குழுவில் கேட்டேன். கூப்பிய கைகள் வந்தன.

தேன்மொழியை நான் பலமுறை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறேன். இன்று கண்ணை மூடி நினைத்தால் அந்த நடிகையின் முகம்தான் வருகிறது. படத்தில் அக்கா பாத்திரமே கிடையாது. பேய்க்குக் குடும்பம் இருந்தால் பயம் குறைந்துவிடும் என்று கருதியிருக்கலாம். அந்தப் புண்ணியத்தில் செல்வராணி டீச்சரின் முகம் மட்டும் அவருடைய முகமாகவே என்னிடம் இருக்கிறது.