எஸ்தருக்கு ஊற்றாத தண்ணீர்

இங்கே கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் ஜனங்கள் பரிதாபப்படுகிறார்கள். ஜெர்மனிக்கு வந்த முதல் ஞாயிறு, எங்கள் ஊர் போடியில் செய்கிற மாதிரியே ஷூவை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்கிற ஹெல்கா என்ற பெரியம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசங்கம் முடிவதற்குள் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டார். ஷூ நனைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். மரியாதைக்குக் கழற்றினேன் என்று சொல்ல என் ஜெர்மன் போதவில்லை. "டாங்கெ" என்று நன்றி சொல்லிப் போட்டுக்கொண்டேன். ஐயோ, என்ன சுகம்!

மற்றபடி எல்லாம் நம் லுத்தரன் ஆராதனைதான். முதலில் பாவ அறிக்கை, அப்புறம் ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், சொல்கிற மன்னிப்பு. இங்கே ஐயர் ஒரு பெண், அதுதான் வித்தியாசம். நம்முடைய நல்ல காரியம் எதுவும் நம்மை மீட்காது, தேவனுடைய கிருபை ஒன்றுதான் மீட்கும். இதைச் சின்ன வயதிலேயே ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். மூன்று தலைமுறை லுத்தரன் குடும்பம் என்ற மிதப்பு வேறு. என் மனைவி செல்வி பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரி, இந்துக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் ஐயரிடம் ஆறு மாதம் உட்கார்ந்து பாடம் கேட்டு ஞானஸ்நானம் எடுத்தவள். அவள் வசனத்தை மாற்றிச் சொன்னால் நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தேன். செல்விக்கு ஏழாம் மாதமே வலி கண்டு, அங்கேயே பெண் குழந்தை பிறந்தது. என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டாள். மூச்சு சரியாக வரவில்லை. தாயையும் பிள்ளையையும் எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். "வெரசா போறேண்ணே, கவலப்படாதீங்க" என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்தான். மழை, மூடுபனி, வளைவுக்கு வளைவு எதிரே லோடு வண்டி. அப்போதுதான் படுத்திருந்த செல்வி, பக்கத்தில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஊத்துங்க. பேரு சொல்லி ஊத்துங்க. உசுருக்கு ஆபத்துன்னா ஞானஸ்நானம் எடுத்த யாரு வேணாலும் குடுக்கலாம்னு ஐயர் சொன்னாருல்ல."

"சும்மா இரு செல்வி. ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். பெறகு கோயில்ல வச்சு முறையாக் குடுப்போம்."

"அதுவரைக்கும் தாங்குவாளா?"

"இந்தா, எறங்கிட்டோம்."

இறங்கவில்லை. பாதி மலைகூடத் தாண்டவில்லை. அவள் சொன்னது அட்சரம் பிசகாத நம் சபையின் போதனை. எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஊற்றிவிட்டால் பிள்ளை போய்விடுவாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பயந்தேன். வெள்ளைக் கவுன், ஞானப்பெற்றோர், கோயில் நிறைய ஜனம் என்று ஆசையும் இருந்தது. அடிவாரம் வருவதற்குள் என் மடியிலேயே அடங்கிப்போனாள்.

ஐயர் வந்து அடக்க ஆராதனை நடத்தினார். "தேவனோட கிருபை தண்ணிக்குள்ள அடங்கிப்போறதில்ல தம்பி" என்றார். சபையே எங்களைக் கட்டிக்கொண்டு அழுதது. செல்வி மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இரண்டு வருஷம் அந்த மௌனத்தோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு இங்கே கிளம்பி வந்தேன். வேலைக்குப் போனான் என்று ஊரில் சொல்வார்கள். ஓடி வந்தேன் என்பதுதான் நிஜம். அவள் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள், ஞாயிறானால் கல்லறைக்குப் போகிறாள். விசா பேச்சை எடுத்தால், "பாப்பம்" என்பதோடு சரி.

இங்கே நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரை வாசித்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இந்த முறை பாஸ்டரம்மாவிடம் போய், என் மகள் எஸ்தர் பெயரையும் வாசிக்க வேண்டும் என்றேன். ஆறு வருஷமாகிவிட்டது என்பதையும் சொன்னேன். சரி என்று பேனாவை எடுத்தவர், ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டார். இல்லை என்றேன். கேள்வி புரியவில்லை போல என்று நினைத்து, நிறுத்தி நிதானமாக மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். "அதனாலென்ன" என்று புன்னகைத்து எழுதிக்கொண்டார். என் நெஞ்சை ஆறு வருஷமாக அடைத்துக்கொண்டிருப்பது அவருக்கு அவ்வளவு லேசாக இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது.

போன ஞாயிறுதான் அந்த நாள். ஆராதனை நடுவிலேயே செல்வியைப் போனில் கூப்பிட்டு, லைனிலேயே இரு என்று சொன்னேன். ஹெல்கா மெழுகுவர்த்தியை ஏற்ற, "எஸ்தர்" என்ற பெயர் கோயில் முழுக்கக் கேட்டது. எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது.

"கேட்டுச்சா செல்வி?"

"கேட்டுச்சு." என்றவள் உடனே கேட்டாள்: "வாராவாரம் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறீங்க. இங்கயும் கேட்டீங்க, அங்கயும் கேக்குறீங்க. எங்கிட்ட ஒரு தடவ கேட்டீங்களா?"

கேட்டதில்லை. சத்தியமாக ஒருநாளும் கேட்டதில்லை. பீடத்திலிருந்து வந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு, அதன் பின்னால் அவளிடமிருந்து ஒளிந்துகொண்டிருந்தேன்.

"தப்பு எம்மேலதான் செல்வி. நீ சொன்னப்பவே ஊத்திருக்கணும். என்னைய மன்னிச்சிரு."

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் சபை எழுந்து நின்று விசுவாசப்பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டது. போனில் போடித் தெருவின் ஹாரன் சத்தம், அதற்கு நடுவே அவள் மூச்சு. அவள் போனை வைக்கவில்லை. பாவமன்னிப்பு உண்டென்று விசுவாசிக்கிறேன் என்று எல்லாரும் ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்தபடி, போடியிலிருந்து அது வருமா என்று காத்துக்கொண்டிருந்தேன்.